அடிபட்ட பிள்ளை அடிக்க மாட்டானா? இணையத்தில் துன்புறுத்தப்படுவதும் துன்புறுத்துவதும்

ஜூலை 6, இரவு 9.15 (தெஹிவளையிலிருந்து ஒரு தாயின் கேள்வி)

என் மகன் தரம் 10இல் படிக்கிறான். கடந்த ஆண்டு முழுவதும் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்து, அவனுடைய உடம்பைக் கேலி செய்து, நடுச்சாமத்திலும் அவனை நிம்மதியாக இருக்க விடவில்லை. இப்போது அவனே ஒரு போலி இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொடங்கி வேறொரு மாணவனை அவமானப்படுத்தினான் என்று பாடசாலை சொல்கிறது. என்னால் நம்ப முடியவில்லை. அந்த வலி எப்படிப்பட்டதென்று தெரிந்த பிள்ளை அதையே இன்னொரு பிள்ளைக்குச் செய்வானா? அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்பதுதான் என் எண்ணம். விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு 11.05

செய்யக்கூடும், சகோதரி. உங்கள் மகன் செய்தானா இல்லையா என்பதை நீங்களும் பாடசாலையும் சேர்ந்துதான் கண்டறிய வேண்டும். "வலி தெரிந்தவன் வலி கொடுக்க மாட்டான்" என்ற நம்பிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதிபர் முன் போய் உட்காராதீர்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கொழும்பு வடக்கிலுள்ள பாடசாலையொன்றில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பிறரைத் துன்புறுத்தியதாக என்னிடம் அனுப்பப்பட்ட பிள்ளைகளிடம், செய்ததைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, "உனக்கு யாராவது இப்படிச் செய்தார்களா?" என்று தவறாமல் கேட்பேன். எல்லோரிடமும் அதற்குப் பதில் இருக்கவில்லை. ஆனால் பதில் இருந்தவர்கள், அந்தக் கேள்வியை நான் ஒருபோதும் கைவிடக் கூடாது என்று எண்ண வைக்கும் அளவுக்கு இருந்தார்கள்.

என் அனுபவம் ஒருபுறம் இருக்கட்டும். அமெரிக்காவில் இணையத்தை வழக்கமாகப் பயன்படுத்திய, 10 முதல் 17 வயது வரையான 1,501 பிள்ளைகளிடம் 1999–2000 காலப்பகுதியில் தொலைபேசி வழியாகத் திரட்டப்பட்ட தரவுகளை மிஷெல் இபாராவும் கிம்பர்லி மிட்செலும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். இணையத்தில் பிறரை மட்டும் தாக்கியவர்கள் 12 வீதம்; தாக்கப்பட்டவர்களாக மட்டும் இருந்தவர்கள் 4 வீதம்; இரண்டு பக்கமும் நின்றவர்கள் 3 வீதம். அதாவது தாக்கப்பட்ட 7 வீதத்தினரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தாங்களும் தாக்கியிருக்கிறார்கள்.

ஜூலை 7, காலை 7.30

"அப்படியானால் அடிபட்ட பிள்ளைகளெல்லாம் நாளைக்கு அடிக்கப்போகும் பிள்ளைகளா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த எண்களிலிருந்து அப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது. பாதிக்கு மேற்பட்டோர் தாக்கப்பட்டும் தாக்கவில்லை என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. துன்புறுத்தப்பட்ட பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினால், முறைப்பாடு செய்ய வரும் பிள்ளையும் வராமல் போய்விடும். அதைவிடப் பெரிய தீங்கை நாம் செய்ய முடியாது.

இன்னொரு விடயத்தையும் நேற்றிரவே எழுதியிருக்க வேண்டும். இணையத்தில் தாக்கியவர்களாக மட்டுமே தென்படும் அந்த 12 வீதத்தினர் ஒரு கீறலும் படாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதே தரவுகளை வைத்து நடந்த ஆய்வில், இணையத்தில் பிறரைத் தொல்லைப்படுத்திய பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேர், பாடசாலையிலோ தெருவிலோ, அதாவது கணினிக்கு வெளியே, தாங்கள் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். மைதானத்தில் கை ஓங்க முடியாத பிள்ளைக்கு இரவில் தட்டச்சு செய்ய முடிகிறது. உடல் பலம், நண்பர் பட்டாளம், மூத்த அண்ணன் ஒருவன் என்று பகலில் தேவைப்படும் எதுவும் அங்கே தேவைப்படுவதில்லை.

அந்தத் தரவுகள் முகநூல் பிறப்பதற்கு முந்தியவை என்பது உண்மை. ஆனால் 2014இல் ரொபின் கோவல்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 131 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும், இணையத்தில் பிறரைத் துன்புறுத்துவதோடு மிக நெருங்கி நின்றவற்றுள் ஒன்றாக, தானும் இணையத்தில் துன்புறுத்தப்பட்டிருப்பதே வந்தது. எது முன்னால், எது பின்னால் என்பதை இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை சொல்லமாட்டா; ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகளையும் கேட்டவை அவை. முன்பின் அறிய வேண்டுமென்றால் ஒரு பிள்ளையின் கதையை அருகிலிருந்து பார்க்க வேண்டும். மாலையில் எழுதுகிறேன்.

ஜூலை 7, மாலை 6.20

கொவிட் காலத்தில் வகுப்புகள் ஸூமில் நடந்தன. தரம் 9 மாணவன் ஒருவன், கமராவை அணைக்காமல், வாய் சற்றே திறந்தபடி தூங்கிவிட்டான். யாரோ ஒருவர் அந்தக் கணத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பின்னணியை வெட்டி நீக்கி, முகத்தை மட்டும் வைத்து வட்ஸ்அப் ஸ்டிக்கராக ஆக்கினார். அன்றிலிருந்து வகுப்புக் குழுவில் எந்தக் கேள்விக்கும் பதில் அந்த ஸ்டிக்கர்தான். "நாளைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு?" என்று ஒருவர் கேட்டால், அவனுடைய முகம். "கணக்குப் பயிற்சியை யாராவது அனுப்புங்கள்" என்றால், மறுபடியும் அவனுடைய முகம். பாடசாலை திறந்த பிறகு அது வெள்ளவத்தையில் அவன் போன தனியார் வகுப்பின் குழுவுக்கும் வந்துவிட்டது. அங்கே அவனுடைய பெயர் தெரியாத பிள்ளைகளுக்கும் அவனுடைய வாய் தெரிந்திருந்தது.

துன்புறுத்தல் என்பதை வரையறுக்க உளவியலாளர் டான் ஒல்வேயுஸ் நோர்வேயில் வகுத்த மூன்று அளவுகோல்களை ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் படித்தோம்: வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாத நிலையில் உள்ளவருக்குச் செய்வது. அந்த ஸ்டிக்கரைச் செய்தவர் ஒருமுறைதான் செய்தார். திரும்பத் திரும்பச் செய்தவர்கள் மற்றவர்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை அல்லது இருமுறை அழுத்தினார்கள், அவ்வளவே. பிடித்து விசாரிக்க ஒரு குற்றவாளி அங்கே இல்லை. இதனாலேயே அவனுடைய முறைப்பாடு எங்கேயும் எடுபடவில்லை. வகுப்பாசிரியர் "அது சும்மா பகிடி, கணக்கெடுக்காதே" என்றார். குழுவின் அட்மினாக இருந்த மாணவன் "நான் போடவில்லையே" என்றான். ஸ்டிக்கருக்கு ஆளான மாணவன் தன் கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் திகதிவாரியாகச் சேர்த்து வைத்திருந்தான்; என்னிடம் காட்டியபோது விரல் நிற்காமல் மேலே தள்ளிக்கொண்டே போனது, படங்கள் முடியவில்லை.

ஆனால் அந்தக் கோப்பைக் காட்டி முறையிடுவதற்காக அவன் என்னிடம் வரவில்லை. போலிக் கணக்கொன்றைத் தொடங்கியதாக அகப்பட்டு என்னிடம் அனுப்பப்பட்டிருந்தான். மலையகத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த மாணவன் ஒருவனுடைய பேச்சு நடையைக் கேலி செய்து, அவன் நம்பிக்கையோடு அனுப்பிய குரல் பதிவுகளை வெட்டி ஒட்டி அந்தக் கணக்கில் போட்டிருந்தான். ஸ்டிக்கர் செய்தவனோடு இந்த மாணவனுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஏன் இவன் என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "அந்தக் கிழமை முழுக்க வகுப்புக் குழுவில என்ர ஸ்டிக்கரை ஒருத்தரும் போடேல்ல, சேர்."

ஜூலை 9, பகல் 1.10

கொட்டாஞ்சேனை அன்பர், இப்படிப்பட்டவனைப் பாடசாலையிலிருந்து நீக்க வேண்டும், அடிபட்டதெல்லாம் சாட்டு என்று எழுதியிருக்கிறார். மலையகத்திலிருந்து வந்த அந்தப் பிள்ளையின் பெற்றோர் இதைச் சொன்னால் நான் தலைகுனிந்து கேட்பேன். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. பாடசாலை அப்படிச் சிந்திக்கக் கூடாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்து வளர்ந்தோராகும் வரை பின்தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவுகளை வில்லியம் கோப்லண்ட், டீட்டர் வோல்கே முதலியோர் 2013இல் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் மனச்சோர்வு, திடீர்ப் பீதி நோய், தற்கொலை எண்ணம் ஆகியவற்றால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள், அடி வாங்கியவர்களும் அல்லர், அடி கொடுத்தவர்களும் அல்லர், இரண்டுமாக இருந்தவர்கள். அது இணையத்தைப் பற்றிய ஆய்வன்று, நேரடித் துன்புறுத்தலைப் பற்றியது. ஆயினும் அந்தப் பிள்ளையை வாயிலுக்கு வெளியே அனுப்பிவிட்டு நாம் எதைத் தீர்த்தோம் என்று நினைப்பது?

ஜூலை 10, இரவு 10.40

தெஹிவளைச் சகோதரியின் கேள்வியில் ஒரு பகுதிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வலி தெரிந்தவன் எப்படி வலி கொடுப்பான் என்பதே அது. நான் பார்த்த பிள்ளைகளை வைத்துச் சொல்வதானால், இரண்டு வழிகளில் போகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மிக வேறுபட்டவை.

ஒன்று பழி. தன்னைத் துன்புறுத்தியவனையே தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பது. 2010இல் மாரியோ கோல்விட்சரும் சகாக்களும் ஜெர்மன் பேசும் மாணவர்களிடையே இதை ஆராய்ந்தார்கள். நேரில் துன்புறுத்தப்பட்டு, பின்னர் இணையத்தில் துன்புறுத்துபவர்களாக மாறியோர், தங்களை முன்பு துன்புறுத்தியவர்களையே இலக்காகத் தேர்ந்தெடுக்கும் போக்கு இருப்பதைக் கண்டார்கள். இந்தப் பிள்ளைகளிடம் பேசுவது ஒரு வகையில் எளிது. தாங்கள் செய்தது நியாயம் என்று நம்புகிறார்கள். நியாயம் வேறு வழியில் கிடைக்கும் என்று காட்டினால் அந்த வழியைப் பரீட்சித்துப் பார்க்கவும் தயாராக இருக்கிறார்கள். ஆனால் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு வழி உண்மையாகவே இருக்க வேண்டும்.

மற்றது ஸ்டிக்கர் மாணவன் போன வழி. அவனுக்கு யார்மீதும் கோபம் இருக்கவில்லை. இருந்தாலும் அது அந்தப் புதிய மாணவன்மீது இல்லை. கூட்டத்தின் பார்வை தன்னை விட்டு விலக வேண்டும், அதற்கு இன்னொருவன் வேண்டும். அவனுக்கு அது பலித்தது என்பதுதான் எனக்கு அச்சம் தரும் விடயம். ஒரு கிழமை நிம்மதி என்ற கூலி கிடைத்தது. கிடைத்ததால் இரண்டாவது பதிவையும் போட்டான். பின்லாந்தில் உளவியலாளர் கிறிஸ்டினா சல்மிவாலி 1990களிலிருந்து சொல்லிவருவது இங்கே மிகப் பொருந்துகிறது: துன்புறுத்தல் இருவருக்கிடையே நடப்பதன்று, வகுப்பு முழுவதும் அதில் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறது. சிரிப்பவர்களும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்களும் இல்லாவிட்டால் ஸ்டிக்கர் மாணவனுக்கு அந்தக் கூலி கிடைத்திருக்காது.

எதிரே இருப்பவனின் முகம் அவனுக்குத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரைக்குப் பின்னால் மனிதர்கள் ஏன் தங்கள் கட்டுப்பாட்டை இழக்கிறார்கள் என்று 2004இல் உளவியலாளர் ஜோன் சூலர் எழுதிய கட்டுரையில், மற்றவர் நம்மைக் காணாதிருப்பதும், நம்முடைய சொல் அவரை எப்படித் தாக்கியது என்பது உடனே நமக்குத் தெரியவராததும் முக்கிய காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. வலியை அறிந்திருப்பது வேறு, வலிப்பதைக் காண்பது வேறு. வகுப்பறையில் அந்தப் புதிய மாணவனின் கண் கலங்குவதைப் பார்த்திருந்தால் அவன் நிறுத்தியிருப்பான் என்றே இன்றும் நம்புகிறேன். பிறகு இருவரும் ஒரே வகுப்பில் இருந்தபோது, அவனால் அந்த மாணவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜூலை 13, மாலை 4.00

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர், "சேர், இது பகிடிவதை (ராகிங்) மாதிரித்தானே? அங்கேயும் பட்டவர்கள்தானே அடுத்த வருடம் செய்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறார். ஆம் தம்பி, இந்த நாட்டில் இந்தச் சங்கிலியை விளக்க வெளிநாட்டு ஆய்வே தேவையில்லை. 1997இல் பேராதனையில் பொறியியல் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்தது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் "நாங்கள் பட்டோம், நீங்களும் படுங்கள்" என்ற நியாயம் சாகவில்லை. கொவிட் காலத்தில் விரிவுரைகள் இணையத்துக்குப் போனபோது பகிடிவதையும் பின்னாலேயே வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் போனது.

பட்டவருக்கு வலி தெரியும், ஆகவே அவர் செய்ய மாட்டார் என்ற வாதம் உண்மையாக இருந்திருந்தால், பகிடிவதை முதல் தொகுதி மாணவர்களோடு ஒழிந்திருக்கும்.

ஜூலை 14, காலை 8.15

பகிடிவதை ஒப்புமையைப் பற்றி இரவு மேலும் யோசித்தேன். அது ஒரு தூரம் வரைதான் போகும். பகிடிவதை முறைவைத்து, வெளிப்படையாக, ஒரு தொகுதியிடமிருந்து அடுத்த தொகுதிக்குக் கையளிக்கப்படுவது. பட்ட காலம் முடிந்துவிட்டது, இனிச் செய்யும் காலம் என்று ஒரு கோடு இருக்கிறது. இணையத்தில் அந்தக் கோடு இல்லை. ஸ்டிக்கர் மாணவன் போலிக் கணக்கில் பதிவு போட்ட அதே வாரத்தில் தனியார் வகுப்புக் குழுவில் அவனுடைய முகம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஒரு குழுவில் அவன் அடிப்பவன், இன்னொரு குழுவில் அடி வாங்குபவன். இரண்டும் ஒரே தொலைபேசியில், சில நிமிட இடைவெளியில்.

இதனால் விசாரிக்கும் பெரியவர்களுக்குப் பெரும் சிக்கல் ஏற்படுகிறது. யார் குற்றவாளி, யார் பாதிக்கப்பட்டவர் என்று இரண்டு வரிசையில் பிள்ளைகளை நிறுத்தியே நமக்குப் பழக்கம். ஸ்கிரீன்ஷொட் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கதையும் தொடங்குகிறது என்று நினைத்துவிடுகிறோம். முறைப்பாட்டோடு வரும் படத்துக்கு மேலே என்ன இருந்தது என்று கேட்பவர் குறைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். "எனக்கும் செய்தார்கள்" என்பதைக் கேடயமாகப் பிடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுடைய பெற்றோரும் இருக்கிறார்கள். ஒருமுறை யாரோ பட்டப்பெயர் சொன்னதை, மாதக்கணக்கில் தான் செய்த கொடுமைக்கு ஈடாக வைப்பார்கள். முதல் கதையைக் கேட்பது இரண்டாவது கதையை அழிப்பதற்காக அன்று. மலையகத்திலிருந்து வந்த அந்த மாணவனுக்கு, தன் குரலைக் கேலி செய்தவன் முன்பு ஒரு ஸ்டிக்கரால் துன்பப்பட்டவன் என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது? அவன் பல நாட்களாக வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் வாசிக்கச் சொன்னபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றான். அவனுக்கு நடந்ததை அவனுக்கு நடந்ததாகவே எடுத்துக்கொண்டு நிவர்த்தி செய்ய வேண்டும்.

ஜூலை 18, இரவு 9.50

வெள்ளவத்தைத் தகப்பன் ஒருவர், "தொலைபேசியைப் பறித்து இரண்டு போட்டேன், பிரச்சினை முடிந்தது" என்று எழுதியிருக்கிறார். அவருடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. பயந்த தகப்பன் செய்வதைத்தான் அவர் செய்திருக்கிறார். ஆனால் பிரச்சினை முடிந்ததா, அல்லது அவருடைய காதுக்கு வருவது முடிந்ததா என்பதை அவர் தேடிப் பார்க்க வேண்டும்.

பெற்றோரின் வளர்ப்பு முறைக்கும் துன்புறுத்தலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 70 ஆய்வுகளைச் சூசெட் லெரேயா, முத்தன்னா சமாரா, டீட்டர் வோல்கே ஆகியோர் 2013இல் தொகுத்துப் பார்த்தார்கள். கடுமையாக நடத்துவதும் புறக்கணிப்பதும், துன்புறுத்தப்படும் பிள்ளைகளைவிட இரண்டு பக்கமும் நிற்கும் பிள்ளைகளோடுதான் அதிகம் தொடர்புபட்டிருந்தன. பலமுள்ளவர் பலமற்றவரை அடிக்கலாம் என்ற பாடத்தைப் பிள்ளை வகுப்புக் குழுவிலிருந்து மட்டும் கற்பதில்லை. பாடசாலைகளும் இதில் தப்ப முடியாது. உடல்ரீதியான தண்டனை வேண்டாம் என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் பிரம்பு இருக்கும் ஊழியர் அறையை நான் ஓய்வுபெறும் வரை பார்த்தேன்.

தொலைபேசியைப் பறிப்பது பற்றி: பிள்ளைகள் ஏன் பெற்றோரிடம் சொல்வதில்லை என்று கேட்டால், எனக்குக் கிடைத்த முதல் பதில் எப்போதும் "ஃபோனை எடுத்துப்போடுவினம்" என்பதுதான். பாதிக்கப்பட்டவனுக்கே தண்டனை விழுகிறது. குழுவில் அவனைப் பற்றிப் பேசுவது நின்றுவிடாது. என்ன பேசுகிறார்கள் என்பதை அறியும் வழி மட்டும் அடைபட்டுவிடும். சொல்லவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல் இருக்கும் பிள்ளைதான், தானே கையில் எடுத்துத் தீர்க்கப் பார்க்கிறது. நான் மேலே சொன்ன இரண்டு வழிகளும் அந்த இடத்திலிருந்துதான் பிரிகின்றன.

ஜூலை 21, பகல் 12.30

பெண் பிள்ளைகளைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். நான் ஆண்கள் பாடசாலையில் இருந்தவன். என் அனுபவம் அங்கே குறைவு. ஆனால் பக்கத்துப் பெண்கள் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியை ஒருவரோடு சேர்ந்து கையாண்ட விடயங்களில், தன்னைப் பற்றிய வதந்தியைத் திசைதிருப்ப இன்னொரு மாணவியின் படத்தைப் பரப்பிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பாதுகாப்புத் தேடி இன்னொருவரை முன்னே தள்ளும் அதே வழிதான். விளைவு பல மடங்கு கொடியது.

அந்தரங்கப் படங்கள் சம்பந்தப்பட்டால் அது பாடசாலை மட்டத்தில் பேசித் தீர்க்கும் விடயமன்று. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை அழையுங்கள். இணையத்தில் நேரும் இத்தகைய தொல்லைகளுக்கு உதவுவதற்கென்றே "ஹிதவதி" என்ற சேவையும் இருக்கிறது. பயத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். எந்தக் கணக்கு, எந்தத் திகதி, எத்தனை மணி என்பவை படத்தில் தெரியும்படி எடுத்துவைத்த பிறகே அந்தக் கணக்கைப் பற்றி நிறுவனத்துக்கு முறையிடுங்கள்.

பொலிசுக்குப் போவதா என்று கேட்பவர்களுக்கு: தண்டனைச் சட்டக்கோவைக்கு 2018இல் வந்த திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் குற்றப் பொறுப்பு இல்லை, 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளையின் முதிர்ச்சியை நீதவான் கருத்தில் எடுப்பார். 15 வயதுப் பிள்ளையின் நிலை வேறு. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலை (ஒன்லைன்) காப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிய கடும் விமர்சனங்களோடு நிறைவேறிய சட்டம் அது. உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்தான விடயத்தில் தயங்க வேண்டாம். ஸ்டிக்கருக்கும் பட்டப்பெயருக்கும் சட்டத்தை முதல் ஆயுதமாக எடுப்பதை நான் விரும்பவில்லை, ஏனெனில் வழக்கு என்று வந்தவுடன் இரு தரப்புப் பெற்றோரும் பிள்ளைகளிடம் "ஒன்றும் ஒத்துக்கொள்ளாதே" என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஜூலை 28, இரவு 8.30

தெஹிவளைச் சகோதரி மீண்டும் எழுதியிருக்கிறார். மகன் தானாகவே ஒத்துக்கொண்டானாம். அவமானப்படுத்தப்பட்ட மாணவன் கடந்த ஆண்டு இவனைக் கேலி செய்தவர்களில் ஒருவனல்லனாம். "நான் யாருக்குத் தாயாக இருப்பது, அடிபட்டவனுக்கா அடித்தவனுக்கா?" என்று கேட்கிறார். இரண்டு பேருக்கும், சகோதரி. அவர்கள் ஒரே பிள்ளை.

பாடசாலை இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் செய்யப்போவதாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு உடன்படாதீர்கள் என்பது என் ஆலோசனை. சமபலமுள்ள இருவருக்கிடையிலான சண்டைக்கு அது சரி. இங்கே ஒருவன் ஆளைக் காட்டாமல் அடித்திருக்கிறான், மற்றவன் பலர் முன்னிலையில் அடி வாங்கியிருக்கிறான். பெரியவர்கள் சுற்றி நிற்கும்போது அந்தப் பிள்ளை "பரவாயில்லை" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வான்? உங்கள் மகன் தன் கையால் எழுதட்டும்: என்ன செய்தான், எப்போது செய்தான், கணக்கை எப்போது மூடினான், யார் யாருக்கு அனுப்பினான் என்று. "எனக்கும் முன்பு செய்தார்கள்" என்ற வரி அந்தக் கடிதத்தில் வர வேண்டாம். அதை வாசிப்பதா, ஏற்பதா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். அனுப்பியவர்களுக்கெல்லாம் திரும்பவும் எழுதி, அழிக்கும்படி அவனே கேட்க வேண்டும். அது அவனுக்கு மிகக் கடினமாக இருக்கும். முதல் முறை பதிவைப் பகிர்ந்தபோது சிரித்தவர்களிடமே போய்க் கேட்க வேண்டியிருப்பதால், கூட்டத்தின் கூலியை அவன் திருப்பிக் கொடுப்பதும் அதுதான்.

ஜூலை 28, இரவு 9.10

மேலே எழுதியதை வாசித்த தம்பி ஒருவர், இது எல்லாப் பாரத்தையும் அவன்மீது போடுவதாகாதா என்று கேட்கிறார். கடந்த ஆண்டின் விடயம் அப்படியே விடப்பட்டால் ஆகும். ஆகவே, சகோதரி, இன்னொரு கடிதம் நீங்கள் எழுத வேண்டும். முதலாவதோடு சேர்க்காமல், தனியாக, அதிபருக்கு முகவரியிட்டு. கடந்த ஆண்டு என்ன நடந்தது, எந்தக் குழுவில், எந்த மாதத்திலிருந்து, வீட்டில் நீங்கள் கண்டது என்ன, யாரிடம் வாய்மொழியாக முறையிட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று வரிசையாக எழுதுங்கள். ஸ்கிரீன்ஷொட்டுகளின் பிரதிகளை இணையுங்கள். மற்றப் பிள்ளைகளைத் தண்டிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தக் குழுவைப் பாடசாலை என்ன செய்யப்போகிறது, வகுப்பாசிரியர் யாரை எப்போது சந்தித்துப் பேசுவார், உங்களுக்கு எப்போது பதில் வரும் என்ற மூன்றையும் கேளுங்கள். நான் பணியில் இருந்தபோது வாய்மொழி முறைப்பாடுகள் தவணை முடிவதற்குள் மறந்துபோவதையும், எழுத்தில் வந்தவை அதிபரின் மேசையை விட்டு நகராமல் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருப்பதையும் நன்றாக அறிவேன்.

கடிதத்தை அலுவலகத்தில் கையளிக்கும்போது உங்களுடைய பிரதியில் திகதியோடு ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.